மண்ணில் மனை கட்டும் தேனீக்கள்

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில், எங்கள் தோட்டத்துக்குப் போகும் இட்டேரியில், முப்பது நாற்பது தேனீக்களின் குடியிருப்பை நான் அழித்துவிட்டேன். அவை தேனீக்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. விலங்கியல் படிக்கும் மாணவன் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கொங்கு நாட்டுக்கு வெளியிலிருந்து வந்து நம் கல்லூரியில் பயிலும் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. இட்டேரி என்பது இரு பக்கமும் உயிர்வேலி அமைந்த வண்டித்தடம். கிளுவையும் கள்ளியும் ஓரங்களில் நெருங்கி நிற்கும். நடுவிலே வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் பட்டுப்பட்டு இறுகிய வெறும் மண். எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். அங்கே மண் செம்மண். மழை பெய்து ஓய்ந்த ஒரு வாரத்தில் இட்டேரியின் ஓரச் சரிவில் சிறுசிறு ஓட்டைகள் தோன்றியிருந்தன. பென்சில் நுழையும் அளவு ஓட்டை. அதைச் சுற்றிச் சலித்துப்போட்டது போல் பொடிமண். அதற்கு மேலே பூச்சிகள் தாழப் பறந்துகொண்டிருந்தன.

என் அக்காள் மகன் செருப்பில்லாமல் அந்த வழியே ஓடுகிறவன். அப்பாவுக்குக் கவலை. "பூச்சிக்குப் படிக்கறவன் நீதான சாமி, இது என்னன்னு பாரு" என்றார். நான் தூர நின்றே பார்த்தேன். கறுத்த உடல், வயிற்றில் பட்டைகள், மண்ணில் ஓட்டை. "குளவிதானுங்கப்பா" என்றேன். அன்று பொழுது சாய்ந்ததும் ஒவ்வோர் ஓட்டையிலும் எறும்புப் பொடி விழுந்தது. மறுநாள் காலையில் செத்துக் கிடந்தவற்றில் மூன்றைத் தீப்பெட்டியில் போட்டுக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். ஆர்வம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

எங்கள் துறை விரிவுரையாளர் தீப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "குளவி எப்பய்யா மகரந்தம் சுமக்க ஆரம்பிச்சது?"

பின்னங்கால்களில் மஞ்சள் பொடி அப்பிக் கிடந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது வயிற்றுப் பட்டைகள் வெறும் நிறமல்ல, நீலம் பூத்த மென்மயிர்களின் வரிசை என்று தெரிந்தது. மார்பின் மயிர் ஒவ்வொன்றும் இறகைப் போலக் கிளை விட்டிருந்தது. தேனீக் குலத்தின் முத்திரை அது. குளவியின் மயிர் கிளைப்பதில்லை. நான் கொன்றது அமெஜில்லா என்னும் நீலப்பட்டைத் தேனீ.

தேனீ என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது அடையும் ராணியும் ஆயிரக்கணக்கான வேலைக்காரிகளும் தேனும்தான். மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ என்று நாம் பெயர் சொல்லி அழைக்கும் அத்தனையும் கூட்டமாக வாழ்கிறவை. ஆனால் உலகில் இதுவரை பெயரிடப்பட்ட 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் மிகப் பெரும்பாலானவை தனித்து வாழ்கிறவை; ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இனங்கள் மண்ணுக்குள் கூடு தோண்டுகிறவை. தேனீ என்றாலே பெட்டியும் அடையும் என்று நாம் எண்ணுவது, மனிதர் என்றாலே அரண்மனைவாசிகள் என்று எண்ணுவதைப் போன்றது. பழந்தமிழர் வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று பல சொற்களை வழங்கினர். 'கொங்கு' என்ற சொல்லுக்கே தேன் என்றும் பூந்தாது என்றும் அகராதி பொருள் கூறும். அப்படிப்பட்ட பெயரைத் தாங்கிய நாட்டில் பிறந்துவிட்டு, காலில் பூந்தாதைச் சுமந்து வந்த ஒன்றைக் குளவி என்று நான் சொன்னேன்.

மேலை நாட்டு நூல்களில் சுரங்கத் தேனீ என்று சொல்லப்படுவது முக்கியமாக ஆண்ட்ரீனா என்ற இனத்தொகுதி. அது பெரும்பாலும் குளிர் நாடுகளுக்கு உரியது. இந்தியாவிலும் இமயமலைப் பக்கமே அதற்கு அதிகம் பிடித்த இடம். நம் சமவெளியில் அதே தொழிலைச் செய்கிறவை பெரும்பாலும் வேறு குடும்பத்தார்: நீலப்பட்டைத் தேனீக்கள், நோமியா வகையினர், ஹாலிக்டஸ் வகைச் சிறு தேனீக்கள். எல்லாவற்றையும் சேர்த்து 'மண் தேனீ' என்றே இக்கட்டுரையில் வழங்குகிறேன்.

அந்த ஓட்டைக்குள் நடப்பது என்ன? நான் படித்தறிந்ததையும், பிறகு ஒரு குழியை வெட்டிப் பார்த்து அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தோண்டுவது பெண். ஆண் ஒரு பிடி மண்ணைக்கூட எடுத்துப் போடுவதில்லை. பெண் தாடைகளால் மண்ணைக் கிள்ளி, கால்களால் பின்னே தள்ளி, ஒரு சாணோ அதற்கும் மேலோ இறங்குகிறது. பிரதான வழியிலிருந்து கிளைகள் பிரியும். கிளையின் முடிவில் ஒரு சிறு அறை; உட்புறம் குடத்தைப் போல் வழவழப்பாக இருக்கும். வயிற்றின் நுனிப்பக்கம் உள்ள துஃபோர் சுரப்பி என்ற உறுப்பிலிருந்து ஒரு கசிவை எடுத்து அறைச் சுவர் முழுவதும் பூசிவிடுகிறது. அது உலர்ந்ததும் மெழுகுத்துணி போல் ஆகிறது. மழை ஈரம் உள்ளே ஊறாது. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாது. கொலீட்டஸ் என்ற வகையில் இந்தப் பூச்சு கண்ணாடித்தாள் போலவே உரிந்து வரும். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோமே, அதைவிட நேர்த்தியான வேலை.

பிறகு சமையல். பல முறை பூவுக்குப் போய் வந்து, மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து வைக்கிறது. ஹாலிக்டஸ் வகையில் அது கெட்டியான உருண்டை. நீலப்பட்டைத் தேனீயில் நம் கம்மங்கூழ் பதம். அதன் மேல் ஒரே ஒரு முட்டை. அறையை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகிறது. தாய் பெரும்பாலும் தன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆயுள் முழுவதும் உழைத்தும் ஒரு பெண் நிரப்பும் அறைகள் கொஞ்சமே. கொசு, ஈ போல நூற்றுக்கணக்கில் முட்டையிடும் பூச்சியல்ல இது. ஆகவே ஒரு பிடி எறும்புப் பொடி இங்கே செய்யும் சேதம் பெரிது.

முட்டையிலிருந்து வரும் புழு தன் பங்கை உண்டு தீர்த்து, கூட்டுப்புழுவாகி, இறகு முளைத்து, தாய் அடைத்த மண்ணைக் கடித்துக்கொண்டு மேலே வருகிறது. சில இனங்களில் முதிர்ந்த புழு உடனே உருமாறாமல், வெளியே பூக்காலம் வரும்வரை மாதக்கணக்கில் அறைக்குள் அசையாமல் கிடக்கும். கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். எதை எந்த அறையில் இடுவது என்பது தாயின் கையில் இருக்கிறது.

ஓட்டைகள் அருகருகே இருப்பதைப் பார்த்து 'கூட்டம்' என்று நினைக்கத் தோன்றும். நானும் அதைத்தான் நினைத்துப் பயந்தேன். உண்மையில் அது ஒரே தெருவில் தனித்தனிச் சமையல் நடத்தும் குடும்பங்களைப் போன்றது. காக்க வேண்டிய பொதுச் சொத்து எதுவும் இல்லாததால், துரத்தி வந்து கொட்டும் வழக்கமும் இல்லை. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. எங்கள் இட்டேரியில் ஓடிய பையனை அவை ஒரு நாளும் தொட்டதில்லை என்பதை நாங்கள் யோசித்தே பார்க்கவில்லை.

எல்லா மண் தேனீயும் தனிக்குடித்தனம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஹாலிக்டஸ் வகையில் சில இனங்களில் தாயும் மகள்களும் ஒரே குழியில் வேலையைப் பங்கிட்டு வாழ்கின்றன. இந்த வகைத் தேனீக்களின் கூடுகளை நம் நாட்டில் ஆராய்ந்த சூசன் பாத்ரா என்ற பூச்சியியலார் 1966-ல் எழுதிய கட்டுரையில் 'யூசோஷியல்' என்ற சொல்லை முதன்முதலாக வழங்கினார். இன்று எறும்பு, கரையான், தேனீ என்று எதன் சமூக வாழ்வைப் பேசினாலும் பாடநூல்களில் வரும் சொல் அது. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் அந்தச் சொல் இந்திய மண்ணில் ஓட்டை போட்ட ஒரு தேனீயால் பிறந்தது என்பதை எந்தக் குறிப்பேட்டிலும் நான் பார்த்ததில்லை.

இனி அடையாளம். இதைத்தான் நான் அன்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், உள்ளே போகும் பூச்சி எதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று பாருங்கள். பின்னங்காலில் மகரந்தம் இருந்தால் அது தேனீ. புழுவையோ வெட்டுக்கிளியையோ ஈயையோ கவ்விக்கொண்டு போனால் அது வேட்டைக் குளவி. பெம்பிக்ஸ் என்னும் மணற்குளவி ஈ பிடித்துவந்து தன் புழுவுக்கு ஊட்டும். அதுவும் தனித்து வாழ்வதுதான். அதற்கும் பொடி போடத் தேவையில்லை. மணலில் கூம்பாகச் சரிந்த குழி என்றால், நாம் சிறுவயதில் ஊதி விளையாடிய குழியானை. ஒரே ஓட்டையிலிருந்து பெரிய பூச்சிகள் பல அடுத்தடுத்து வந்து போனால் மட்டும் விலகிவிடுங்கள். கதண்டு என்றும் கடந்தை என்றும் சொல்லப்படுகிறவற்றுள் மண்பொந்தில் கூடு கட்டும் இனம் உண்டு. அது கூட்டமாகக் கொட்டும், உயிருக்கே ஆபத்து. ஒரு வாசலுக்கு ஒரு பூச்சி என்றால் அச்சமில்லை. ஒரு வாசலுக்குப் பல என்றால் கிட்டப் போகாதீர்கள்.

தேனீதான் என்று தெரிந்தபின் எந்தத் தேனீ? நீலப்பட்டைத் தேனீ வீட்டுத் தேனீயைவிடச் சற்றுப் பருத்தது, பூவின் முன் அந்தரத்தில் நின்று, சட்டென்று இடம் மாறும், நீண்ட நாக்கு. பட்டை நீலமயிர். நோமியா வகையிலும் பல இனங்களுக்குப் பட்டை உண்டு. ஆனால் அது மயிரல்ல, எனாமல் பூசியது போல ஓட்டிலேயே பச்சையும் நீலமுமாக மின்னும். அவற்றின் ஆணுக்குப் பின்னங்கால் விகாரமாகத் தடித்திருக்கும். லேசியோகுளோசம் போன்ற சிறு ஹாலிக்டஸ் வகையினர் எறும்பை விடச் சற்றே பெரியவர்; பெண்ணின் வயிற்று நுனிக்குச் சற்று மேலே நீளவாட்டில் ஒரு வகிடு எடுத்தது போன்ற கோடு இருக்கும். லென்ஸ் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

கறுப்பு உடலில் நீலப் புள்ளிகள் தெறித்தாற்போல் ஒன்று குழிகளின் மேல் மெதுவாக வட்டமிட்டால் அது தைரியஸ். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், திருட்டுத்தனம்தான். நீலப்பட்டைத் தேனீ வெளியே போன நேரம் பார்த்து அதன் அறையில் தன் முட்டையை இட்டுவிடும். குயில் காக்கைக்குச் செய்வதேதான். தானே மகரந்தம் சேர்க்காததால் அதன் காலில் சுமக்கும் மயிர்த்திரளே இல்லை. வயிறு சிவந்து, மயிரற்று, எறும்பும் குளவியும் கலந்தது போலத் தோன்றும் ஸ்ஃபெகோடஸ் என்பதும் இதே தொழில்காரன்.

வெயில் ஏறுமுன் ஓட்டையின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்தால், வெளியே வரும் வீட்டுக்காரி அதற்குள் நிற்பாள். பார்த்துவிட்டு விட்டுவிடலாம். கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மாலை வேளையில் வேலியோரக் காய்ந்த தண்டுகளைப் பாருங்கள். நீலப்பட்டை ஆண்கள் வரிசையாகத் தாடையால் தண்டைக் கவ்விக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு உறங்குவது தெரியும். வீடு கட்டாதவனுக்கு வீட்டில் இடமில்லை போலும்!

பூச்சியியலுக்குக் கோவை புதிய ஊரல்ல. 1906 முதல் வேளாண்மைக் கல்லூரி இங்கே நடந்து, 1971-ல் அது பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பிங்ஹாமின் தேனீ-குளவி நூல் 1897-லும், பிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் நூல் 1914-லும், இராமகிருஷ்ண ஐயரின் கையேடு 1940-லும் வந்துவிட்டன. சூசைநாதன் என்ற சேகரிப்பாளர் கோவையிலும் ஆனைமலையிலும் பிடித்த பூச்சிகள் அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் 'கோயம்புத்தூர்' என்ற சீட்டோடு இன்றும் குத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. இருந்தும் பயிரைத் தின்கிற பூச்சியை அறிந்த அளவுக்குப் பயிரைக் காய்க்க வைக்கிற பூச்சியை நம் விவசாயிகள் அறியவில்லை. பிங்ஹாமுக்குப் பின் நூறாண்டுக்கு மேல் ஆகியும், ஒரு கல்லூரி மாணவன் கையில் எடுத்துக்கொண்டு இட்டேரிக்குப் போகத்தக்க தமிழ் வழிகாட்டி நூல் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

"இது தேன் வெக்குமா?" என்று அப்பா கேட்டார், நான் விஷயத்தை விளக்கியபோது.

"வெக்காதுங்க."

"அப்பறம் எதுக்கு?"

"கத்தரிக்காய்க்குங்க" என்றேன்.

கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் மேலே தூவிக் கிடப்பதில்லை, மகரந்தக்குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. கத்தரியில் நுனியில் சிறு துளை மட்டும் உண்டு. உப்புக் குடுவையைக் குலுக்குவது போல் குலுக்கினால்தான் கொட்டும். நீலப்பட்டைத் தேனீ பூவை இறுகப் பற்றிக்கொண்டு, இறகை அசைக்காமல், பறப்பதற்கு உரிய மார்புத் தசைகளை மட்டும் அதிரவைக்கிறது. 'ங்ஙீ' என்று, பறக்கும் ஒலியைவிட உச்சத்தில் ஒரு ஒலி எழும். மகரந்தம் அதன் வயிற்றின் மேல் பொழியும். நோமியா வகையினரும் கருவண்டும் இதைச் செய்யும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. காற்றிலும் ஓரளவு காய் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் தேனீ குலுக்கிய பூவில் காய் நன்றாகப் பிடித்துப் பருக்கும்.

கத்தரித் தோட்டம் இல்லாதவர்கள் ஆவாரையில் இதைக் கேட்கலாம். பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக் கட்ட ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை பறிக்கப் போகிறோமே, அப்போது ஒரு நிமிடம் செடியருகே காது கொடுத்து நில்லுங்கள். ஆவாரையின் மகரந்தப் பையும் நுனித்துளை உடையதுதான். அதில் சிலவற்றின் மகரந்தம் தேனீக்குத் தீனியாகவும், நீண்டவற்றின் மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகவும் அமைந்திருக்கிறது. இத்தனை ஆண்டு காப்புக் கட்டியும் அந்த ஒலியை இந்தத் தை மாதம்தான் நான் முதன்முதலில் கேட்டேன்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் டச்செட் பள்ளத்தாக்கில் நோமியா மெலாண்டெரி என்ற மண் தேனீ வாழ்கிறது. நம் நோமியாக்களின் உறவுதான். குதிரைமசால் பூவின் மடல் தட்டித் திறக்கப்பட்டால்தான் விதை பிடிக்கும்; வீட்டுத் தேனீ அந்தத் தட்டை விரும்பாமல் பக்கவாட்டில் தேனைத் திருடிவிடும்; இந்த மண் தேனீயோ தயங்காமல் தட்டும். ஆகவே விதை உற்பத்தி செய்யும் விவசாயிகள் உவர்மண் பாத்திகளை உழாமல், ஈரம் காத்து, தேனீக்காகவே விட்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் சாலைகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று பலகையும் உண்டு, தேனீ அடிபடும் என்பதற்காக! நம் கோவையிலும் கோ 1 என்ற குதிரைமசால் ரகம் வெளியிடப்பட்டிருக்கிறது. அதற்கு வரும் தேனீக்கு நாம் பலகை வைப்பது இருக்கட்டும், பெயராவது வைக்க வேண்டாமா?

மருந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவின் ஒண்டேரியோவில் பூசணிப் பூவையே நம்பி வாழும் ஒரு மண் தேனீயை வைத்து ஆராய்ந்தார்கள். 2021-ல் முடிவு வெளியாயிற்று. பயிர் நடும்போது மண்ணில் இமிடாகுளோபிரிட் இட்ட இடத்தில், மருந்திடாத இடத்தைவிட 85 விழுக்காடு குறைவான கூடுகளே தோண்டப்பட்டன. பிறந்த குஞ்சுகள் 89 விழுக்காடு குறைவு. பூவில் தெளித்தால் தேனீ சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மண்ணிலேயே வாழும் தேனீக்கு மண்ணில் இட்டதே போதும்.

எங்கள் பக்கம் இப்போது காய்கறிப் பாத்திகளுக்கு நெகிழித் தாள் போர்த்துகிறார்கள். களை வராது, தண்ணீர் மிச்சம். ஆழ உழும் டிராக்டர் வரப்பின் விளிம்பு வரை போகிறது. உழாத மண் என்று மிஞ்சியிருப்பது கொழுக்கட்டைப்புல் வளர்ந்த கொறங்காடும் இட்டேரியும்தான். அந்த இட்டேரிக்கும் சிமெண்டுத் தளம் போடுவதாகப் பேச்சு. நான் அதை எதிர்க்கவில்லை. மழைக்காலத்தில் அந்தச் சேற்றில் பால் கேனோடு சைக்கிள் தள்ளியவன் நான். ஆனால் தடத்துக்கு வேண்டியது நடுவில் பத்தடி. ஓரச் சரிவு எதற்கும் தேவையில்லை. அங்கேதான் ஓட்டைகள் இருந்தன. அளவெடுக்க வந்தவர்களிடம் இதைச் சொன்னேன். பூச்சிக்காகவா என்று சிரித்தார்கள். அப்பாதான் குறுக்கிட்டு, "கத்தரிக்காய்க்குங்க" என்றார்.

தை அமாவாசைக்கு மறுநாள் காலை நானும் அக்காள் மகனும் போய்ப் பார்த்தோம். புரட்டாசியில் ஏற்கெனவே அடைத்து முடிக்கப்பட்டிருந்த அறைகளைப் பொடி எட்டவில்லை என்று நினைக்கிறேன். சரிவில் புது மண் தள்ளியிருந்தது. அவன்தான் எண்ணினான், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சோளத்தட்டுக் குச்சியை நட்டுக்கொண்டே போய். பதினொன்று.